காம்போஜியின் எட்டாவது சுரம்

தென்காசி வட்டாரத்து அச்சன்புதூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கொடை மேளம் இல்லாமல் நடக்காது. தென்காசி விசுவநாதர் கோவிலிலும் குற்றாலநாதர் கோவிலிலும் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே நாகஸ்வரம் போகும். ராகம் வாசிக்கிறவர் முன்னால் காகிதம் எதுவும் இருப்பதில்லை. அடுத்து எந்தச் சுரம் என்பதை அவர் அந்த நொடியில்தான் தீர்மானிக்கிறார் என்று கேட்கிற நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. குழலிலிருந்து வருவதில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக விரலிலும் காதிலும் ஊறிய பிடிகள், அதாவது சின்னச் சின்னச் சுரக் கோவைகள். அவற்றை எங்கே தொடங்குவது, எதோடு எதைக் கோப்பது, எங்கே விடுவது என்பதுதான் அந்த நொடியின் வேலை. இந்தப் பிடிகளை எப்படிக் கற்பது என்ற கேள்வி நம் இசைக்கு மட்டும் உரியதல்ல. ஜாஸ் கற்கிறவர்களும் பல பத்தாண்டுகளாக இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் கண்ட ஒரு சுர வரிசை நம் காம்போஜியின் வாசலில் வந்து நிற்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1940-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க் போன்றவர்கள் வளர்த்த வேகமான ஜாஸ் பாணிக்கு பீபாப் என்று பெயர். அந்த வாசிப்பை ஆராய்ந்து, ‘பீபாப் ஸ்கேல்’ என்ற பெயரோடு பாடமாக்கியவர்களில் முக்கியமானவர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கற்பித்த டேவிட் பேக்கர் (1931–2016). விஷயம் எளிமையானது. நம் ஹரிகாம்போஜியின் ஏழு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம், அடியில் ஸட்ஜம். தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு சுரம் வீதம் மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கினால் தட்டுகளில் விழுபவை ஸ, த, ம, ரி. பின்னால் பியானோ ஒருசேரப் பிடித்துக்கொண்டிருக்கும் சுரக் கூட்டான கார்டோ ஸ, க, ப, நி. ஸட்ஜம் தவிர ஒன்றும் பொருந்தவில்லை. இப்போது மேல் ஸட்ஜத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவில் காகலி நிஷாதத்தையும் தொட்டு இறங்குங்கள். ஸ, நி, ப, க என்று கார்டின் நான்கு சுரங்களும் தட்டுகளில் வந்து உட்கார்கின்றன. கீழ் ஸட்ஜம் சரியாக அடுத்த சமத்தில் விழுகிறது. எட்டாவது சுரம் அழகுக்காகச் சேர்த்ததல்ல. மற்ற ஏழையும் அவற்றுக்குரிய இடத்தில் நிறுத்துவதற்காக வந்தது.

ஹரிகாம்போஜியில் பிறந்து, காகலி நிஷாதத்தை அன்னிய சுரமாக ஏற்கும் ராகம் காம்போஜி. தேவாரப் பண்ணில் தக்கேசி என்று ஓதுவார்கள் பாடுவது இதைத்தான். ஆக அதே எட்டுச் சுரங்கள், ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அந்த எட்டையும் ஏணிப்படியாக வைத்து ஏறி இறங்கினால் காம்போஜி வராது, எந்த ராகமும் வராது. காகலி நிஷாதம் அங்கே ‘ஸ நி ப த ஸ’ என்ற பிடிக்குள்தான் வாழ்கிறது. பொதுவாக எழுதப்படும் ஆரோகண அவரோகணத்தில் அதற்கு இடமில்லை. புத்தகத்தில் காம்போஜியின் ஏற்ற இறக்கத்தை மட்டும் படித்த மாணவர் அந்த ராகத்தின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார். தியாகராஜரின் ‘ஓ ரங்கசாயி’யையோ கோபாலகிருஷ்ண பாரதியின் ‘திருவடி சரணம்’ கீர்த்தனையையோ பாடம் செய்தவருக்கு இது சொல்லாமலே தெரியும். நான் சொல்ல வருவது இதுதான்: சுர வரிசை என்பது பிடிகளிலிருந்து பின்னால் வடித்தெடுத்த பெயர். பெயரை முதலில் கற்றுப் பொருளைப் பிறகு தேடினால் கற்பவர் வழி தவறுவார். பீபாப்பிலும் நடந்தது அதே வரிசைதான். பார்க்கர் 1937 கோடையில் ஓசார்க் மலைப் பகுதியில் தங்கியிருந்தபோது சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் வாசிப்புகளை இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தார். மூன்று நான்கு ஆண்டுகள் தினமும் 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்ததாக 1954-இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். பீபாப் ஸ்கேல் என்ற பாடம் அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தது.

பாடம் செய்த பிடிகளை வாசிப்பது எப்படிக் கற்பனையாகும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, மழுப்ப முடியாதது. தாமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் 1974-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் பார்க்கரின் வாசிப்புகளைப் பிரித்துப் பார்த்து, ஏறத்தாழ நூறு பிடிகள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கற்பனைக்காரர்களில் ஒருவரின் கையிருப்பு அவ்வளவுதான்! இதைக் குறையாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. வில்லுப்பாட்டுப் புலவர் ஒவ்வொரு கொடையிலும் அதே சாமி கதையை, பழகிய அடிகளைக் கொண்டே பாடுகிறார். ஆனால் எந்த இடத்தில் நீட்டுவது, எங்கே பின்பாட்டுக்காரருக்கு விட்டுக்கொடுப்பது என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். கச்சேரியில் கல்பனாசுரம் பாடுபவரும் அப்படியே. கோர்வையின் கணக்கு முன்பே கைவசம் இருக்கும். அது எடுப்பில் வந்து சேரும்போது கடைசிச் சுரம் பல்லவியின் முதல் சுரத்துக்குக் கை நீட்ட வேண்டும். அந்தப் பொருத்தம் அன்றன்று பிறப்பது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் என்று நம் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுவது வீணில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டவர்களுக்குச் சுரம் மட்டுமே வரும், ராகம் வராது. பயிற்சி குறைந்ததால் அல்ல, பயிற்சி பிடியாக மாறாததால் வந்த குறை அது.

ராகமும் கார்டும் வேறு வேறு உலகம், கமகம் இல்லாத இசையோடு காம்போஜியை ஒப்பிடலாமா என்பது இன்னொரு மறுப்பு. ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜாஸில் எட்டாவது சுரம் காலக்கணக்குக்காக வருகிறது; காம்போஜியில் பாவத்துக்காக வருகிறது. ஆனால் இரண்டிலும் அதற்கு ஓர் இடம் உண்டு, இடம் தவறினால் அது அபசுரம் என்ற அளவில் ஒப்பீடு நிற்கும்.

மூன்றாவது மறுப்புக்குத்தான் எனக்கு முழுப் பதில் இல்லை: பிடிகளைக் கேட்டுக் கற்க ஆசானின் பக்கத்து இடம் கிடைக்காதவர் என்ன செய்வார்? நாகஸ்வரம் கற்க வந்த பையன் அந்தக் காலத்தில் முதலில் ஒத்து ஊதினான். ஒரே ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் ஆசானின் ஆலாபனையைக் காதால் குடித்தான். திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகி, அவர் பக்கத்தில் நின்று வாசித்துத்தான் அந்த வளத்தைப் பெற்றார். ஆனால் அந்தப் பக்கத்து இடம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெரும்பாலும் பிறந்த வீடும் சாதியும் அதைத் தீர்மானித்தன. ஹார்லெமின் பின்னிரவு மேடைகளில் ஏற முடியாத மாணவருக்குப் பேக்கரின் புத்தகம் ஒரு கதவைத் திறந்தது. அச்சன்புதூரிலிருந்து ஒரு பெண் சாக்ஸபோன் கற்க விரும்பினால் இன்றும் அவளுக்கு முதலில் கிடைப்பது சுர வரிசை அட்டவணையாகத்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அட்டவணையோடு ஒலிப்பதிவும் அவள் கைக்கு எட்டும் காலம் இது என்பதுதான் ஆறுதல். பார்க்கருக்கும் ஆசான் இசைத்தட்டுதானே.

சாக்ஸபோனில் கர்நாடக இசையை நிலைநிறுத்திய கத்ரி கோபால்நாத்தும் (1949–2019) அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ என்ற தொகுப்பு 2008-இல் வெளிவந்தது. அதே மகந்தப்பா 2015-இல் பார்க்கரின் மெட்டுகளையும் பிடிகளையும் விதையாக வைத்து ‘பேர்ட் கால்ஸ்’ என்ற தொகுப்பைச் செய்தார். முன்னோரின் பிடிகளை ஆழக் கற்றவர் அவற்றிலிருந்து புதியதைச் செய்ய முடியும் என்பதற்கு இவையே போதும். கற்கத் தொடங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு சுருதியிலும் பீபாப் ஸ்கேலை ஓட்டிப் பார்க்குமுன், எழுபத்திரண்டு மேளத்தையும் ஒப்பிக்குமுன், ஒரே ஒரு பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியைக் கீழே வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டு, அதை வாயால் பாடுங்கள். எந்தத் தட்டில் தொடங்கினாலும் அது சமத்துக்கு வந்து சேரும்வரை அடுத்த பிடிக்குப் போகாதீர்கள்.