சோதிக்காமல் போட்ட கையெழுத்து

அவசர ஊர்தியில் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் இருந்த ஒருவர் என்னால் செத்துப்போனார். நெடுநாள் அதை விதி என்று சொல்லிக்கொண்டேன். தலைக்காயம் என்று சொல்லிக்கொண்டேன். அலட்சியம், கர்வம், பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றும் என்னுடையவை.

முதலில் அலட்சியம். ஷிஃப்ட் மாறும்போது வண்டியில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவேட்டில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று காலை, இரவுப் பணி முடித்தவர் சாவியைக் கொடுக்கும்போதே சொன்னார்: "சக்‌ஷன் மெஷின் மக்கர் பண்ணுது. சார்ஜ் நிக்க மாட்டேங்குது. பாத்துக்கங்க." சரி என்று தலையாட்டினேன். சுவிட்சைக்கூடத் தட்டவில்லை. மேலிருந்து கீழே வரை மளமளவென்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். வேறு வேலை எதுவும் இருக்கவில்லை. இன்றைக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

நினைவில்லாதவரால் இருமிக் காறித் துப்ப முடியாது. வாயில் ரத்தமோ வாந்தியோ நிறைந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதை உறிஞ்சி வெளியே எடுப்பதற்குத்தான் சக்‌ஷன். இது எனக்குத் தெரியாததல்ல.

மதியம் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் விபத்து என்று அழைப்பு. பைக் சென்டர் மீடியனில் மோதியிருந்தது. ஹெல்மெட் இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்கவர், நினைவில்லை. கூட்டத்தில் ஒருவர், "குறட்டை விடுறாருங்க, உசுரு இருக்கு" என்றார். அது குறட்டை அல்ல. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையைப் பாதி அடைத்திருந்தது. கழுத்தை அசைக்காமல், தாடையின் இரண்டு கோணத்திலும் விரல் கொடுத்து முன்பக்கம் தூக்கினேன். சத்தம் நின்றது. மூச்சு சீராக ஓடியது. அதுவரை நான் செய்தது சரி.

அந்தச் சரிதான் என் தலைக்கு ஏறியது. பீட்டர் சஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர் 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் இதை நிரூபித்தார். தசைகளைத் தளர்த்தும் மருந்தை ஏற்றிக்கொண்ட தன்னார்வலர்களிடம், தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கினால் அடைபட்ட மூச்சுப்பாதை திறக்கிறது என்று காட்டினார். புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்பவன் நான். மூச்சுப்பாதை விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

வண்டி கிளம்பியது. கூடவே அவருடைய மைத்துனர் ஏறிக்கொண்டார். "மச்சான், மச்சான்" என்று அழுதபடி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்குக் கீழே இறங்கியது. முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் ஆம்பு பேகைப் பிடித்தேன். பெரியவர்களுக்கு ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை, நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு அழுத்தினால் போதும். அந்தப் பை ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளும். தேவைப்படுவது அரை லிட்டருக்குச் சற்று மேல். நானோ முழுப் பையையும் கசக்கினேன். வேகமாகக் கசக்கினேன். எனக்குப் பயம். அந்த மைத்துனர் முன்னால் கை ஓயாமல் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பு. அளவுக்கு மீறிய காற்று நுரையீரலுக்குப் போகாது. இரைப்பைக்குப் போகும்.

ஓட்டுநர் என்னைவிட மூத்தவர். கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வயிறு உப்புது பாருங்க. ஓரம் கட்டுறேன், ரெண்டு பேருமாச் சேந்து ஒருக்களிச்சுப் போட்டுருவோம்."

"நீங்க ரோட்டப் பாருங்கண்ணே. இங்க நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வார்த்தையை மைத்துனர் காதில் விழும்படிச் சொன்னேன். ஓட்டுநர் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற எண்ணம்தான். வேறு எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

சற்று நேரத்தில் வாந்தி வந்தது. மாஸ்க்குக்குள் சோற்றுப் பருக்கைகள் தெரிந்தன. தெரிந்த பிறகும் என் கை நிற்கவில்லை. இன்னொரு முறை பையை அழுத்தினேன். வாயில் இருந்ததை நானே உள்ளே தள்ளினேன். பிறகுதான் சக்‌ஷன் சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஒரு முறை முனகியது. நின்றுவிட்டது.

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ஓட்டுநர் ஓடிவந்தார். அவர் சொன்னபடியே ஒருக்களித்துப் போட்டோம். பஞ்சுத் துணியைச் சுற்றி விரலால் வாயைத் துடைத்தெடுத்தேன். அதற்குள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அவர் சில நாள் வென்டிலேட்டரில் இருந்தார். நுரையீரலில் இறங்கிய வாந்தியால் நிமோனியா முற்றி இறந்தார். தலைக்காயமும் பெரிதுதான். அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியாது. பிழைக்க அவருக்கு இருந்த வாய்ப்பை நான் பறித்தேன்.

அதன்பின் செய்தது இன்னும் கேவலம். படிவத்தில் "வாந்தி, சக்‌ஷன் செய்யப்பட்டது" என்று எழுதினேன். பொய். ஓட்டுநர் அதைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. அடுத்த மாதம் வேறு வண்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். காரியம் முடிந்தபின் மைத்துனர் என்னைத் தேடி வந்தார். "மச்சானுக்காக ரொம்பப் பாடுபட்டீங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

பின்னாளில் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம் திருத்தப்பட்டது. எனக்குக் கிடைத்த தண்டனை சிறியது. அந்தக் குடும்பத்திடம் இன்னும் சொல்லவில்லை. அவருடைய மனைவிக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. பத்திரிகையில் எழுதுவதற்குமுன் அந்த வீட்டுப் படியேறிச் சொல்லியிருக்க வேண்டும். துணிச்சல் வரவில்லை. அதையும் என் குற்றக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாலையில் நினைவில்லாமல் கிடப்பவர் குறட்டை விட்டால், தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாந்தி வந்தால், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து ஒரு பக்கமாகத் திருப்புங்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக் அடிக்கும் முன் சக்‌ஷனை ஓடவிட்டு, குழாயின் வாயை விரலால் அடையுங்கள். 4 விநாடிக்குள் அழுத்தமானியின் முள் 300 mmHg-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. எனக்கு அன்று காலை முழுவதும் நேரம் இருந்தது. நான் செய்யவில்லை.