கடைசி நாற்காலி யாருக்கு?

'தகுதி' என்ற சொல்லைக் கேட்டால் நமக்கெல்லாம் காது தானாகவே கூர்மையாகிவிடும். யார் சொல்கிறார், எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார், அந்த அளவுகோலைச் செய்தது யார் என்று கேட்டே பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றியது. அமெரிக்கக் கூடைப்பந்துக்கு. அதிலும் லெப்ரான், கர்ரி என்று சுவரொட்டியில் வருகிறவர்களிடம் இல்லை. அணியின் பெயர்ப் பட்டியலில் ஆகக் கடைசியில் இருக்கும் அந்த ஒற்றை நாற்காலிக்கு.

நாங்கள் நாலைந்து பேர் பல வருடமாக என்.பி.ஏ. பார்க்கிறோம். இங்கே விடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் அங்கே ஆட்டம் நடக்கும். பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் பதினாறாவது, பதினேழாவது ஆள் யார் என்பதில்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஓர் அணியில் முழு ஒப்பந்தக்காரர்கள் 15 பேர். இவர்களுக்கு வெளியே 'டூ-வே ஒப்பந்தம்' என்று ஒன்றை 2017-18 சீசனில் கொண்டுவந்தார்கள். அப்போது அணிக்கு இரண்டு இடம். 2023-24 முதல் மூன்று. இந்த ஒப்பந்தத்தில் இருப்பவர் பாதி நேரம் பெரிய அணியோடும், பாதி நேரம் ஜி லீக் என்கிற வளர்ப்பு லீக்கில் ஆடும் அதன் தம்பி அணியோடும் இருப்பார். பெரிய அணியின் பட்டியலில் அதிகபட்சம் 50 ஆட்டம். முழு ஒப்பந்தமாக மாற்றினால் ஒழிய பிளேஆஃபில் கால் வைக்க முடியாது. சம்பளம், புதுமுகத்துக்கான குறைந்தபட்சத்தில் பாதி. நான்கு ஆண்டு அனுபவம் சேர்ந்துவிட்டால் இந்தக் கதவும் மூடிக்கொள்ளும்.

'பாதிச் சம்பளம்தானே' என்று எண்ண வேண்டாம். 2021-22 கணக்கில் அந்தப் பாதி 4,62,629 டாலர். அதே சீசனில் வெறும் ஜி லீக் ஒப்பந்தத்தில் ஆடியவருக்கு 37,000 டாலர். ஒரே அரங்கில், ஒரே சீருடையில், சில சமயம் ஒரே நிலையில் ஆடும் இருவருக்கு இடையே பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். இந்த நாற்காலி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒரு குடும்பத்தின் சில வருடங்களைத் தீர்மானிக்கிற விஷயம். அதனால்தான் சண்டை போடுகிறோம்.

இதற்கு நாங்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுவது 2021-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் கதை. அந்தக் கோடையில் டிராஃப்டில் யாரும் எடுக்காத இரண்டு பேரை அவர்கள் டூ-வேயில் சேர்த்தார்கள். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் ரீவ்ஸ், கொன்சாகாவின் ஜோயல் அயாயி. கூடவே மேக் மெக்லங் என்பவர் 'எக்ஸிபிட் 10' என்னும் பயிற்சி முகாம் ஒப்பந்தத்தில் வந்தார். முகாமில் பிடித்துப்போனால் அதை டூ-வேயாக மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் விடுவித்துத் தம்பி அணிக்கு அனுப்பலாம் என்பது அந்த ஒப்பந்தத்தின் சூட்சுமம்.

ரீவ்ஸ் கதையில் பலருக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. இரண்டாவது சுற்றில் அவரை எடுக்க ஓர் அணி தயாராகவே இருந்தது. வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்று அவர் தரப்பே சொல்லியது. தனக்கு எங்கே ஆட இடம் இருக்கும் என்று பார்த்து லேக்கர்ஸின் டூ-வேயை அவரே தேர்ந்தெடுத்தார். 'யாருக்கு இடம் கொடுக்கலாம்' என்று பேசும்போது கொடுக்கிறவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரும் கணக்குப் போடுகிறார்.

எங்களில் இருவர் ஒரு பயிற்சிப் பட்டறைக்குக் கடைசி இடத்தை நிரப்பும் வேலையைச் சில தடவை செய்திருக்கிறார்கள். நாற்பது விண்ணப்பம், ஓர் இடம். அதே இருவர் அதற்கு முன்பு எத்தனையோ மேசைகளுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வந்தவர்கள்தான். 'ஆளைப் பார்த்தாலே தெரிகிறது' என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு உடனே கோபம் வரும். பார்த்தால் என்ன தெரியும்?

ரீவ்ஸைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒல்லியான பையன். கல்லூரிக் கடைசி ஆண்டில் த்ரீ பாயிண்டர் 30 சதவீதத்தைச் சுற்றியே விழுந்தது. எறியத் தெரியாதவர் என்று அந்த ஓர் எண்ணை வைத்தே ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே ஆண்டு ஃப்ரீ த்ரோவில் 86 சதவீதம். யாரும் மறிக்காமல், ஒரே தூரத்திலிருந்து, ஒரே மாதிரி எறிவது ஃப்ரீ த்ரோ. கை எப்படிப்பட்டது என்பதை அது காட்டிக்கொடுக்கும். த்ரீ பாயிண்டர் எண்ணில் வேறு பலதும் கலந்திருக்கும்: அணியில் வேறு எறிகாரர்கள் இல்லாததால் இவர்மேலேயே இரண்டு பேர் பாய்வது, கடிகாரம் முடியும்போது பந்து இவர் கைக்கே வருவது. ஜூலையில் லாஸ் வேகஸில் நடக்கும் சம்மர் லீக் எண்கள் இன்னும் மோசம். ஐந்து ஆட்டத்தில் 20 எறிதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து விழுந்தால் 50 சதவீதம், 'கண்டெடுத்த வைரம்'. ஆறு விழுந்தால் 30, 'வீட்டுக்குப் போகலாம்'. நடுவில் இருப்பது நாலே நாலு பந்து. வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போன நாலு பந்துக்காக ஒருவருடைய ஆண்டையே எழுதிவிட முடியுமா?

செப்டம்பரில் முகாம் தொடங்கும் முன்பே லேக்கர்ஸ் ரீவ்ஸை முழு ஒப்பந்தத்துக்கு உயர்த்தியது. டிசம்பரில் டாலஸில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் த்ரீ பாயிண்டர் போட்டு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர் அவர்தான். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு முக்கியம், அவர் எழுந்து போன பிறகு காலியான நாற்காலி.

மெக்லங்குக்குக் கொடுக்கவில்லை. அயாயியையும் விடுவித்தார்கள். இரண்டு இடத்துக்கும் வெளியிலிருந்து ஆள் வந்தது. ஒருவர் ஜே ஹஃப். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஏழடி ஓரங்குல உயரக்காரர். அந்த உயரத்தில் பந்தைத் தடுக்கவும் தெரியும், தூரத்திலிருந்து எறியவும் தெரியும். மற்றவர் சேக்கு டூம்பூயா. கினியில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். 2019 டிராஃப்டில் 15-ஆவது ஆளாக எடுக்கப்பட்டபோது வயது 18. டெட்ராய்டில் இரண்டு சீசன் ஆடியும் தேறவில்லை என்று கைமாறி வந்தவர்.

எங்களில் ஒரு தோழர் மெக்லங் பக்கம். அவர் வாதம் இதுதான்: "ஜி லீக்ல ஒரு ஆட்டத்துக்கு 25 பாயிண்ட் போடுறவனுக்கு இடமில்ல, ஆறு பாயிண்ட் போடுறவனுக்கு இடமிருக்கு. இது என்னங்க நியாயம்?" லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. மெக்லங் 2022-இல் ஜி லீக்கின் சிறந்த புதுமுகம். 2024-இல் ஜி லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். இடையில் என்.பி.ஏ.வின் டங்க் போட்டியையும் ஜெயித்தார். 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை. உலகமே பார்க்கும் மேடையில் கோப்பை வாங்கியவருக்கு அந்த மூன்று ஆண்டில் பெரிய லீக்கில் கிடைத்த ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கான பதிலை வேறொரு லேக்கர்ஸ் ஆட்டக்காரர் சொன்னார். அலெக்ஸ் கரூசோ. டிராஃப்டில் விலைபோகாமல், ஒக்லஹோமாவின் தம்பி அணியில் ஒரு சீசன் ஆடி, 2017-இல் லேக்கர்ஸின் டூ-வே இடத்துக்கு வந்தவர். ஜி லீக்கில் பலரும் தாங்கள் எந்த வேலைக்கு நேர்காணலுக்கு வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் ஆடுகிறார்கள் என்பது அவர் ஒரு பாட்காஸ்டில் சொன்னதன் சாரம். அவர்கள் நிறுவனத் தலைவர் பதவிக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எதிரே இருப்பவர்களோ கழிப்பறை கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று உவமை சொன்னார்.

கேட்டதும் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், தன்னையே உதாரணமாக வைத்துச் சொன்னார். ஆட்டத்தைப் பொறுத்தவரை அது சரியும்கூட. அணியில் பந்தை வைத்து ஆட லெப்ரான் இருக்கிறார். பதினாறாவது ஆள் ஓட வேண்டும், மறிக்க வேண்டும், கீழே விழுந்த பந்துக்காகத் தரையில் பாய வேண்டும். ஆனால் அந்த உவமை நம் வீட்டில் வேறு மாதிரிதான் கேட்கும். கழிப்பறை கழுவும் வேலைக்கு நேர்காணல் வைத்து நம் ஆட்களை யாரும் எடுத்ததில்லை. யார் செய்ய வேண்டும் என்பது பிறந்த அன்றே முடிவாகிவிடுகிறது. கரூசோவின் உவமையில் அந்த வேலையைச் செய்தவர் மேலே ஏறுகிறார்: 2020-இல் லேக்கர்ஸோடு சாம்பியன், 2021-இல் சிகாகோ கொடுத்த நான்காண்டு ஒப்பந்தம் சுமார் 3 கோடியே 70 லட்சம் டாலர், 2025-இல் ஒக்லஹோமாவோடு மறுபடி சாம்பியன். சிறிய வேலையை ஒத்துக்கொள் என்று ஒருவருக்குச் சொல்லும் முன்பு அங்கிருந்து மேலே போகப் படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒன்று இருந்தால்தான் கரூசோ சொன்னது அறிவுரை.

சரி, லேக்கர்ஸுக்கு வருவோம். அந்த அணி வயதான அணி. பந்தைக் கையில் வைத்து ஆடுகிறவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல்: லெப்ரான், வெஸ்ட்புரூக், ரோண்டோ. ஆறடி இரண்டங்குல மெக்லங் அங்கே வந்து என்ன செய்வார் என்ற கேள்விக்கு எங்கள் தோழரிடமும் நல்ல பதில் இல்லை. ஆகவே அவரை விட்டது சரி என்றே நாங்கள் பெரும்பான்மையாக முடிவு செய்தோம். டூம்பூயா விஷயத்தில்தான் எங்களுக்கு உறுத்தல். ஆறடி எட்டங்குலம், வயது 20, காகிதத்தில் அணிக்குத் தேவையான உருவம். ஆனால் இரண்டு சீசன் ஆட்டம் எல்லோர் கண்முன்னாலும் இருந்தது. அதைத் தாண்டி அவருக்கு இடம் வாங்கிக்கொடுத்ததில் '15-ஆவது தேர்வு' என்ற பழைய முத்திரைக்குப் பங்கில்லை என்று நம்பச் சொன்னால் எங்களால் முடியாது. முத்திரை குத்தப்பட்டவர் தோற்றால் 'இன்னும் மலரவில்லை' என்பார்கள். முத்திரை இல்லாதவர் தோற்றால் 'அவ்வளவுதான் அவன்' என்பார்கள். இந்த இரட்டை நாக்கை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம்.

டூம்பூயா அங்கே ஆடியது இரண்டே ஆட்டம். சீசன் முடிவதற்குள் இரண்டு நாற்காலியிலும் ஆள் மாறிவிட்டது. ஹஃபையும் விடுவித்து அந்த இடத்தில் மேசன் ஜோன்ஸைக் கொண்டுவந்தார்கள். டூம்பூயாவின் இடத்துக்கு மார்ச்சில் வென்யென் கேப்ரியல் வந்தார். சூடானின் கார்ட்டூமில் பிறந்து, குழந்தையிலேயே அகதியாக எகிப்து வழியாக அமெரிக்கா சேர்ந்தவர். பல அணிகளில் சில வாரம், சில நாள் என்று அலைந்தவர். ஓடினார், ரீபவுண்டுக்குப் பாய்ந்தார்; ஏப்ரலில் முழு ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த சீசன் முழுக்க லேக்கர்ஸில்தான் இருந்தார். அக்டோபரிலேயே இவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

எங்களைக் கேட்டால் அந்த அக்டோபரில் ஒரு நாற்காலி கேப்ரியலுக்கு, இன்னொன்று ஹஃபுக்கு, அதுவும் சீசன் முழுமைக்கும். உயரமானவர்கள் மெதுவாகத்தான் தேறுவார்கள் என்பது கூடைப்பந்து பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். எங்கே நிற்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்பது உடம்பில் ஏறவே பல நூறு ஆட்டம் பிடிக்கும். சில மாதத்தில் கைவிடுவதற்கு எதற்கு வளர்ப்பு ஒப்பந்தம் என்று பெயர்?

இந்த இடத்தில் சத்னாம் சிங்கைச் சொல்லாமல் போக முடியவில்லை. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன், ஏழடி இரண்டங்குலம். 2015-இல் 52-ஆவது ஆளாக டாலஸ் எடுத்தது, இந்தியாவிலிருந்து என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் ஆள். ஜி லீக் அப்போது டி லீக். அதில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் இரண்டு சீசன், பெரும்பாலும் பெஞ்சில். 2017-இல் ஊர் திரும்பினார். டூ-வே ஒப்பந்தம் தொடங்கியது அதே 2017-இல்.

ஹஃபின் மீதிக் கதை இது. லேக்கர்ஸ் விட்ட பிறகு அவர் அதே லேக்கர்ஸின் தம்பி அணியான சவுத் பேயில், ஜி லீக் சம்பளத்தில் ஆடினார். 2022-23-இல் அந்த லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கு. பிறகு வாஷிங்டன், டென்வர் என்று சுற்றி, 2024-இல் மெம்ஃபிஸில் டூ-வேயாகச் சேர்ந்து, சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் முழு ஒப்பந்தக்காரர் ஆனார். மூன்று வருடம் தாமதம்.

மெக்லங் கட்சித் தோழர் மட்டும் இன்னும் மசியவில்லை. "ஹஃபுக்குப் பொறுமை வேணும்னு சொல்றீங்க. சரி. மெக்லங்குக்கு எந்த அணியாவது அந்த 50 ஆட்டத்தை முழுசாக் கொடுத்துப் பாத்துச்சா?" என்று ஒவ்வொரு அக்டோபரிலும் கேட்கிறார். அந்த மூன்று ஆண்டில் யாரும் கொடுக்கவில்லை. அதனால் எங்கள் சண்டையும் முடியவில்லை.