உட்கூரையில் விளக்குப் பதிக்கும் முன்

வீடு திருத்துவோரிற் பலர் நிலத்திற்கு மாபிள் தேடி ஒரு மாதம் அலைவர். கதவு நிலைகளுக்கு நல்ல மரம் தேடி இன்னொரு மாதம் அலைவர். வெளிச்சத்தைப் பற்றிய எண்ணமோ, உட்கூரை அடிக்கும் ஓடாவியார் ஏணியில் நின்றுகொண்டு, "எத்தனை துளை, எங்கெங்கே?" என்று கேட்கும்போதுதான் பிறக்கும். அந்த அவசரத்திற் சொல்லும் விடையோடுதான் வீட்டார் பின்னர் பல்லாண்டு காலம் வாழ வேண்டியிருக்கிறது.

எமக்கும் இவ்வாண்டு அக்கேள்வி வந்தது. யாழ்ப்பாணத்திலுள்ள எமது ஓட்டு வீட்டின் பழைய பலகை உட்கூரை செல்லரித்துப் போகவே, அதைக் கழற்றிப் புதிதாக அடிக்க நேர்ந்தது. செலவிற் பெரும்பங்கை ரொறன்ரோவிலிருக்கும் தம்பி ஏற்றுக்கொண்டான். உட்கூரைக்குள்ளே புதைந்து, வட்ட முகத்தை மட்டும் கீழே காட்டும் விளக்குகளை அங்கே 'பொட் லைற்' என்கிறார்கள்; இங்கே கடைக்காரர் 'டவுன்லைற்' என்கிறார். தம்பி தன் வீட்டுப் படங்களை அனுப்பியதோடு, கூடத்திற்கு 8, சாப்பாட்டறைக்கு 6, குசினிக்கு 6, அம்மாவின் அறைக்கு 4 ஆக 24 விளக்குகள் என்று கணக்கும் எழுதியிருந்தான்.

எம் தாயாருக்கு வயது 79. ஒரு கண்ணிற் புரை அகற்றியாயிற்று. மற்றக் கண் தன் முறைக்குக் காத்திருக்கிறது. காலையிற் பத்திரிகையை முதற்பக்கம் தொடங்கி மரண அறிவித்தல் வரை வாசித்தாக வேண்டும். குசினியை எவரிடமும் ஒப்படைக்க இன்னும் மனமில்லை. இரவிற் குளியலறைக்குப் போகும் வழியில் ஒருமுறை விழுந்துமிருக்கிறார். எலும்பு முறியாதது எமது நல்ல காலம். ஆகவே, இவ்வீட்டிற்கு வெளிச்சம் வேண்டுமென்பதில் எமக்கும் தம்பிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அது எங்கே விழ வேண்டும் என்பதிலேதான் பேச்சு நீண்டது.

அறுபது வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுப் பிள்ளையின் விழித்திரையை எட்டுவதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் என்பது கண்ணியல் அறிந்த செய்தி. கண்வில்லை மஞ்சளித்துத் தடித்துப் போவதும், கண்மணி சுருங்கிப்போவதும் அதற்குக் காரணம். அப்படியானால் விளக்கைக் கூட்டினாற் போதுமே என்று தோன்றும். ஆனால் அதே முதிய வில்லை, கண்ணுக்கு நேரே வரும் ஒளியைச் சிதறடித்துக் கூச்சத்தையும் பெருக்குகிறது. முதியவருக்குப் புத்தகத்தின் மேல் ஒளி நிறைய வேண்டும். கண்ணுக்குள் ஒளி பாயக் கூடாது. தலைக்கு மேலே துளையிட்டு வைக்கும் விளக்கு இந்த இரண்டாவதைத்தான் எளிதிற் செய்துவிடும்.

துளையிடும் முன் ஒரு பரீட்சை செய்தோம். ஒரேயொரு விளக்கை வாங்கி, நீளக் கம்பி பூட்டி, பெரிய தடியொன்றின் நுனியிற் கட்டினோம். இரவானதும் உட்கூரை வரும் உயரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தோம். அயல் வீட்டுப் பிள்ளைகள் மதிலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது வேறு விடயம். தம்பியின் படத்திற் கண்டபடி கூடத்தில் இரு வரிசையாக நின்று காட்டியபோது, அம்மா தம் சாய்மனைக் கதிரையிற் பத்திரிகையோடு இருந்தார். ஒளிவட்டம் கதிரைகளுக்கு இடையிலே வெறுந்தரையில் அழகாக விழுந்தது. பத்திரிகையில் விழுந்தது அவருடைய தலையின் நிழல்.

"பிள்ளை, உந்த வெளிச்சம் எனக்கோ, நிலத்துக்கோ?" என்று கேட்டார்.

அதன் பின்னர் நாம் உட்கூரையை விட்டுவிட்டு, நிலத்திலிருந்து கணக்குத் தொடங்கினோம். யார் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், எந்தப் பக்கம் முகம் வைக்கிறார் என்று ஒரு தாளிற் கீறினோம். மின்வேலை செய்பவர்கள் கைக்கொள்ளும் பொது விதியொன்று உண்டு. உட்கூரை 9 அடி உயரமாயின் விளக்கிற்கு விளக்கு அதிற் பாதி, அதாவது நாலரை அடி. சுவரிலிருந்து அதிலும் பாதி. அறை முழுவதும் ஒரே சீராக ஒளி பரவ இவ்விதி நல்லது. கடைக்கும் கந்தோருக்கும் அது பொருந்தும். வீட்டில் எவரும் அறை முழுவதும் பரவி இருப்பதில்லையே!

ஒளி விரியும் கோணமும் கவனிக்கத்தக்கது. பெட்டியின் மேலே 36 பாகை, 60 பாகை என்று அச்சிட்டிருப்பார்கள். வாங்குவோர் வாற்றுக் கணக்கைப் பார்ப்பதோடு நின்றுவிடுவர். 9 அடி உயரத்திலிருந்து மடியிலுள்ள புத்தகத்திற்கு ஆறரை அடி. அவ்விடத்தில் 60 பாகை விளக்கு ஏழரை அடி அகல வட்டத்தை இடும். 36 பாகை விளக்கு நாலடியைச் சற்றே தாண்டும். வாசிக்கும் கதிரைக்கு ஒடுங்கிய விளக்கைத் தலைக்கு நேரே அன்றித் தோளுக்குச் சற்று முன்னாக, ஒரு பக்கமாக வைத்தோம். அம்மாவின் தலை நிழல் விலகிவிட்டது.

குசினியின் கதை இன்னும் முக்கியம். பெரும்பாலான வீடுகளிற் குசினி விளக்கு அறை நடுவிலே இருக்கும். சமைப்பவர் அதற்கு முதுகு காட்டி நிற்பார். மீன் வெட்டும் பலகை அவருடைய நிழலில் இருக்கும். கத்தி பிடித்த கை இருட்டில், முதுகுக்கோ நல்ல வெளிச்சம்! மேடை 2 அடி அகலமாயின், விளக்கின் நடுப்புள்ளி சுவரிலிருந்து ஏறக்குறைய 2 அடி தள்ளி, மேடையின் முன் விளிம்புக்கு நேர் மேலே வர வேண்டும். மேலே 1 அடி ஆழ அலுமாரி இருந்தாலும் அதன் முகப்பில் ஒளி மோதாது. எமது குசினிக்கு இப்படி 3 விளக்குகள் போதுமாயிருந்தன.

மின்விசிறியைப் பற்றி, தம்பி அனுப்பிய படங்கள் எதுவும் பேசவில்லை. அவனுடைய கூடத்தில் மின்விசிறி இல்லை. இங்கே அது இல்லாமல் முடியாது. இதழ்களுக்கு மேலே விளக்கு அமைந்துவிட்டால், சுழலும் இதழ் ஒளியை வெட்டி வெட்டி விடும்; அறை முழுவதும் துடிப்பது போலிருக்கும். அதன் கீழ் அரை மணி நேரம் வாசித்தாலே தலையிடி வரும். 56 அங்குல மின்விசிறியின் இதழ் நடுவிலிருந்து 28 அங்குலம் நீளும். இதழ் உட்கூரைக்கு 1 அடி கீழே தொங்குமாயின், 60 பாகை விளக்கின் ஒளி அந்த 1 அடிக்குள் 7 அங்குலம் பக்கமாக விரிந்துவிடும். இரண்டையும் கூட்டினால் 35 அங்குலம். நடுவிலிருந்து 3 அடிக்குக் கிட்ட விளக்கு வேண்டாம் என்று ஓடாவியாரிடம் கண்டிப்பாகச் சொன்னோம்.

படுக்கையறையிற் சற்று நின்று யோசிக்க வேண்டும். நடமாடுவோருக்கு உட்கூரை தலைக்கு மேலுள்ள ஒன்று. படுத்திருப்பவருக்கு அதுவே எதிரிலுள்ள சுவர். நாளை அம்மா நோயாகக் கிடக்க நேர்ந்தால் நாள் முழுவதும் அவர் பார்க்கப்போவது அதைத்தான். தலையணைக்கு மேலே எதையும் வைக்கவில்லை. அலுமாரிப் பக்கமாக 2 விளக்குகள் மட்டும், ஒளிமுகம் துளைக்குள்ளே நன்கு உள்வாங்கிய வகையிற் பதித்தோம். கட்டிலருகே ஒரு சுவர் விளக்கு. வாசலிலும் கட்டிலிலும் போடவும் அணைக்கவும் இருவழி ஆளி. குளியலறை வழியிற் கணுக்கால் உயரத்தில் இரவு முழுவதும் எரியும் மங்கிய மஞ்சள் விளக்கொன்று.

நிறத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்மவருக்கு 6500 கெல்வின் வெள்ளை மீது தீராத ஆசை. இருக்கும் அறைகளுக்கு 3000, குசினிக்கு 4000 என்று தெரிவுசெய்தோம். அதனிலும் மேலாக, நிறங்காட்டும் சுட்டெண் 90க்குக் குறையாததாகக் கேட்டு வாங்கினோம். அம்மாவின் குளிசைகளில் ஒன்று இளஞ்சிவப்பு, மற்றது வெளிறிய செம்மஞ்சள். மலிவு விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

நிற்க. உட்கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓட்டின் கீழே பகலில் அடைபடும் வெப்பம் எல்ஈடி விளக்கின் மின்மாற்றும் சிறு பெட்டியின் ஆயுளைக் குறைக்கும். அதைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட வேண்டும். அணிலும் எலியும் கம்பியைக் கொறிக்கும். கம்பியைக் குழாய்க்குள்ளேதான் இழுக்க வேண்டும். விறாந்தையின் உட்கூரை பழைய அஸ்பெஸ்டஸ் தகடு. அதிற் துளை போட மின்வேலைக்காரர் கருவியை எடுத்தபோது தடுத்துவிட்டோம். அதை வெட்டும்போது பறக்கும் நுண்ணிழை நுரையீரலுக்குட் போய்ப் பல்லாண்டுகளின் பின் புற்றுநோயாக வரலாம். விறாந்தைக்குச் சுவர் விளக்கே போதும்.

இப்படியாக 24 என்பது 11 ஆயிற்று: கூடத்திற்கு 4, சாப்பாட்டு மேசைக்கு 2, குசினிக்கு 3, அம்மாவின் அறைக்கு 2. தம்பியின் கணக்குப்படி 9 வாற்று விளக்குகள் 24, நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 32 அலகுகள். எமது கணக்கில், சுவர் விளக்குகளையும் சேர்த்து, அதனிலும் குறைவு.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "காசு பிரச்சினை இல்லை அக்கா. வீடு இருட்டாய்க் கிடக்கக் கூடாது" என்றான்.

அவனுக்கு அப்படித் தோன்றுவதன் காரணம் எமக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குட் சிறிது எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கின் முன்னே குனிந்திருந்துதான் அவன் பரீட்சைக்குப் படித்தான். அந்த விளக்கைச் சுற்றி வீடு முழுவதும் இருள். போதாக்குறைக்கு ரொறன்ரோவில் மார்கழி மாதத்திற் பிற்பகல் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருபத்து நான்கு விளக்கு அவனுக்கு ஆடம்பரமன்று.

ஆகவே தொகையைக் குறைக்கும்படி நாம் கேட்கவில்லை. மீந்த பணத்திற்கு அம்மாவின் அறைக்கும் குளியலறை வழிக்கும் மின்கலத்தில் எரியும் ஏற்பாடொன்று செய்யலாமா என்று கேட்டோம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை அவனும் அறிவான். உடனே சம்மதித்தான். கூடத்து 4 விளக்குகளில் ஒன்றைத் தன் பழைய படிக்கும் மேசை இருந்த மூலைக்கு நகர்த்தும்படியும் சொன்னான். மேசை இப்போது அங்கில்லை, ஆயினும் நகர்த்தினோம்.

விளக்குகளெல்லாம் ஏற்றியாயிற்று. ஒவ்வொரு துளையும் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, கம்பி எவ்வழியாகப் போகிறது என்று கீறிய தாளை மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். கடைகளில் வகைகள் அடிக்கடி மாறிவிடுவதால், அதே வகையில் 2 விளக்குகள் மேலதிகமாக வாங்கி அலுமாரியில் வைத்தாயிற்று. மின்கலம் அடுத்த கிழமை வருகிறது.