காதும் கையும் கற்ற தொழில்

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் அசெம்பிளி லைனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர் அவர். ஐடிஐயில் ஃபிட்டர் படித்து முடித்த கையோடு, 1999-இல் 'ஐகான்' கார் வெளிவந்த சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2022 ஜூலையில் கடைசி 'எக்கோஸ்போர்ட்' லைனை விட்டு இறங்கியது. அவருடைய லைன் வாழ்க்கையும் அதோடு முடிந்தது. இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலை டிரிப் முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போயிருந்தேன்.

"லைன்ல எந்த இடத்துலண்ணே நின்னீங்க?" என்று கேட்டேன்.

"ட்ரிம் லைன். வயரிங், டேஷ்போர்டு. அப்புறம் கொஞ்ச வருஷம் டோர் லைன்" என்றவர், வேனின் பானெட்டைத் திறந்தார். ஒரு வயர் கனெக்டரைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பாக்க சரியாத்தானே இருக்கு?" சரியாகத்தான் இருந்தது. இரண்டு விரலால் லேசாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது.

"அழுத்தணும், 'டிக்'குனு உக்காரணும், ஒருதரம் இழுத்துப் பாக்கணும். மூணும் முடிஞ்சாத்தான் மாட்டுனதாக் கணக்கு. பாதி மாட்டுனாலும் அன்னிக்கு லைட் எரியும் சார். ஆறு மாசம் கழிச்சு ஏதோ ஒரு பள்ளத்துல வண்டி குலுங்கும்போது விட்டுப்போகும். அப்ப உள்ள யாரு இருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது."

போல்ட் முடுக்கும் டார்க் கன்னின் சத்தத்திலும் கன்வேயர் இரைச்சலிலும் அந்த 'டிக்' எப்படிக் கேட்கும் என்றேன். "காது கொஞ்ச நாள்தான் தேடும். அப்புறம் விரலே கேட்டுக்கும்."

லைனின் பாதையை விரலால் மண்ணில் வரைந்து காட்டினார். பாடி ஷாப்பில் வெல்டிங், பிறகு பெயிண்ட். பெயிண்ட் முடிந்து வரும் பாடியிலிருந்து கதவுகளைக் கழற்றித் தனி லைனுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போதுதான் உள்ளே புகுந்து வேலை செய்ய வழி கிடைக்கும். கண்ணாடி, பூட்டு, ஸ்பீக்கர் எல்லாம் ஏறிய பிறகு, அதே கதவு அதே காருக்கே வந்து சேரும். மேலே தொங்கிவரும் பாடியும் கீழிருந்து உயர்ந்துவரும் என்ஜினும் சேரும் இடத்துக்கு 'மேரேஜ்' என்று பெயர். பெயிண்டில் கீறல் விழக் கூடாது என்பதால் மோதிரம், வாட்ச் எதுவும் போடக் கூடாது. பெல்ட் பக்கிளைக்கூட மூடித்தான் வைக்க வேண்டும். கடைசியில் தண்ணீர்ச் சோதனை. எங்காவது ஒரு ரப்பர் சரியாக உட்காராமல் இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு 2 லட்சம் கார் செய்யும் திறன் கொண்ட ஆலை அது. 300 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 660-க்கும் மேல். இரவு பகலாக ஓடினாலும், இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு கார் முடிந்தாக வேண்டும். தன் பங்கு வேலையை அந்த நேரத்துக்குள் முடித்து, அடுத்த பாடி வருவதற்குள் அடுத்த பாகத்தைக் கையில் எடுத்திருக்க வேண்டும். இதை ஷிஃப்ட் முழுக்க, வருஷக்கணக்காகச் செய்தவர் அவர்.

இப்படி நகரும் லைனை 1913-இல் டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டின் ஆலை கொண்டுவந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை, பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் முழுதாகச் செய்ததைத் துண்டு துண்டாகப் பிரித்து, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆக்கியதே அதன் சூத்திரம். அன்றிலிருந்து லைன் தொழிலாளியைத் திறன் குறைந்தவராகவே உலகம் எண்ணிவருகிறது. அந்த எண்ணம் தவறு. வேலையைத் துண்டாக்கலாம், அந்தத் துண்டுக்குள்ளும் மனிதன் நுட்பத்தைக் கண்டுகொள்கிறான். கதவு மூடும் ஓசையை வைத்தே கீலைச் சரிசெய்ய வேண்டுமா என்று அவர் சொல்லிவிடுவார். அது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத அறிவு.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. சுமார் 4,000 ஊழியர்களைப் பாதித்த முடிவு அது. இழப்பீட்டுக்காக 2022-இல் ஆலைக்குள் தொழிலாளர்கள் போராடினார்கள். பணப் பேச்சு ஒருவழியாக முடிந்தது. வேறு வேலை தேடிப் போன இடங்களில் அவரிடம் முதலில் கேட்டது வயதைத்தான். "நாப்பத்தஞ்சுன்னு சொன்னதும் பேச்சு முடிஞ்சிடும் சார். என்ன தெரியும்னு யாரும் கேக்கல."

அதைக் கேட்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. படிக்காமலே கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் முறை மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஆண்டுதோறும் ஐடிஐ பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இவரைப் போன்றவர்களை ஐடிஐ பயிற்சிக் கூடங்களில் ஆசிரியர்களாக நிறுத்த வேண்டும். ஆலைக்கு நிலமும் சலுகையும் கொடுக்கும்போதே, ஆலை மூடினால் தொழிலாளியின் திறன் எங்கே போய்ச் சேரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இருபது ஆண்டு லைனில் நின்று பழகிய கை, இந்த மாநிலம் சம்பாதித்த சொத்து. அதை வயதைக் காட்டித் தள்ளிவிடும் உரிமை யாருக்கும் இல்லை.