கவிழ்த்தெடுக்கும் ஆப்பிள் பலகாரம்

பாரிசுக்குத் தெற்கே லாமோத் பெவ்ரோன் என்னும் சிற்றூரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தத்தேன் சகோதரிகள் விடுதியொன்றை நடத்தினர். அடுக்களையை ஆண்டவர் ஸ்தெஃபானி. விருந்தினரைக் கவனித்தவர் கரோலின். அவர்கள் பெயரால் வழங்குவதே 'தார்த் தத்தேன்' என்னும் பலகாரம்.

அவசரத்தில் நேர்ந்த தவற்றால் அது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. மாணவச் செல்வங்களே, அதனை நான் நம்புவதில்லை. பழத்தைக் கீழும் மாவை மேலுமாக வைத்துச் சுடும் வழக்கம் அவ்வட்டாரத்தில் முன்னரே இருந்தது. உழைப்பவர் கைத்திறனைத் தற்செயல் என்று சொல்லிவிடுவது உலகுக்கு எளிது!

எங்கள் இல்லத்தில் விடுமுறை நாள்களில் இதனைச் செய்வதுண்டு. கனத்த இரும்புச் சட்டியில் 150 கிராம் சீனியை மிதமான நெருப்பில் உருக்குவோம். ஏறத்தாழ 160 பாகை வெப்பத்தில் அது நிறம் மாறத் தொடங்கும். வெளிறியிருந்தால் வெறும் இனிப்பு, கருகினால் கசப்பு. பால் கலவாத தேநீரின் செம்மையே பதம் என்பார் என் துணைவியார். அங்கே கடிகாரம் உதவாது, கண்தான் உதவும். சிறுவர் அருகில் நிற்றலாகாது. பாகு தெறித்தால் கொதிநீரினும் கொடிது.

பின்னர் 100 கிராம் வெண்ணெய் சேர்த்து, தோல் சீவிக் காலாக நறுக்கிய ஆறு பச்சை ஆப்பிள்களை நெருக்கி அடுக்கவேண்டும். வெந்தால் பழம் சுருங்கும். மேலே மாவை மெல்லிதாக இட்டு மூடி, 190 பாகைச் சூட்டில் அரைமணிக்குச் சற்று மேலாகச் சுடவேண்டும். கீழே இருந்தால் பழச்சாற்றில் ஊறிவிடும் மாவு, மேலே இருப்பதால் மொறுமொறுப்பாகிறது. பத்து நிமிடம் ஆறியபின், தட்டால் மூடி, ஒரே மூச்சில் கவிழ்ப்போம். மிக ஆறினால் பாகு இறுகிச் சட்டியை விடாது. வெதுவெதுப்பாக உண்பதே சுவை.