கட்டியங்காரனுக்கு வசனம் எழுதியபோது

நாடகம் என்றால் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் மனப்பாடம் செய்வார்கள் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அரக்கோணம் பக்கத்துச் சேரி ஒன்றில், எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளோடு ஏப்ரல் 14க்கு ஒரு நாடகம் போட முடிவெடுத்தோம். கதையைத் தேட வேண்டியிருக்கவில்லை. 2021 ஏப்ரல் 7, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு மறுநாள், இதே வட்டாரத்துச் சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் பிள்ளைகள் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர்கள், அவ்வளவுதான்.

மூன்று இரவுகளில் எழுதி முடித்தோம். கொலைதான் உச்சக்காட்சி. பறை முழங்கும், தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுவார், விளக்கு அணையும். எழுதும்போது எங்களுக்கே கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நம்பியதுதான் தப்பு.

தெருவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினோம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்திருந்த ஒரு அத்தை கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "செத்தவங்கள இன்னொருக்கா சாகடிக்கறதுக்கா இம்மாம் பேரு சேந்தீங்க? அந்தம்மா அழுவுதே தவிர ஒரு வார்த்த பேசலியே, அதுக்கு வாயில்லியா?"

எண்ணிப் பார்த்தோம். நாற்பது பக்கத்தில் பெண்களுக்கு ஆறு வசனம். சமூகவியல் தேர்வில் தலித் பெண்களின் இரட்டை ஒடுக்குமுறை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாங்கள்! கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' எங்கள் அலமாரியிலேயே இருந்தது. சாதி வெளியே பலி கேட்கிறது, வீட்டுக்குள் ஆண் பலி கொடுக்கிறான் என்பதை 1990களிலேயே மேடையில் பேசிய நாடகம் அது. படித்திருந்தோம், எழுதும்போது மறந்துவிட்டோம்.

அடுத்த சிக்கல், வெட்ட வருபவனாக நடிக்க யாரும் முன்வரவில்லை. "நான் அவனா நிக்க மாட்டேன்" என்று ஒரு தம்பி எழுந்தே போய்விட்டான். வற்புறுத்தவில்லை. வழி கூத்திலிருந்து கிடைத்தது. எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்க்காத பிள்ளைகள் குறைவு. ராஜா எவ்வளவு உறுமினாலும் பக்கத்தில் நிற்கும் கட்டியங்காரன் ஒரு கிண்டலில் அவரைத் தரைக்குக் கொண்டுவந்துவிடுவான். அவனிடமே ஆதிக்கச் சாதிக்காரனின் பேச்சையும் கொடுத்தோம். துண்டைத் தோளில் போட்டால் அவன், இடுப்பில் கட்டினால் கட்டியங்காரன். எழுந்துபோன தம்பிதான் இப்போது அந்த வேடம்.

கொலைக்காட்சியை எடுத்துவிட்டோம். நாடகம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நடக்கிறது. பிள்ளைகளை எதிர்பார்த்துச் சோறாக்கி வைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களின் பேச்சுத்தான் முழுக்க. இதிலே பெரிய சண்டை எங்களுக்குள் நடந்தது. "கொலையைக் காட்டாவிட்டால் கோபம் எப்படி வரும்?" என்றார் ஒரு தோழர். இன்னும் அவர் சமாதானம் ஆகவில்லை. அவர் கேள்வியும் நியாயமானதுதான்.

அனுமதிக்குப் போன இடத்தில், பிரதியை முதலில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டவேண்டும் என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை, ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013லேயே செல்லாதென்று சொல்லிவிட்டது. தீர்ப்பின் நகலை எடுத்துப்போனோம். நாடகம் போடும் தம்பி தங்கைகள் இதைக் கையில் வைத்திருங்கள்.

உண்மையில், கேட்டாலும் கொடுக்க முழுப் பிரதி எங்களிடம் இல்லை. தாயாக நடிப்பது அந்த அத்தைதான். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒத்திகைக்கு ஒத்திகை வேறு வேறு பேசுகிறார். நாங்கள் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.