மஞ்சளும் கறுப்பும்

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றாகிய திருப்புலி நாட்டில், மார்கழிப் பனி மாலையிலேயே இறங்கிவிடும். மிளகுக் கொடிகளும் பலா மரங்களும் கண்ணுக்கு மறைந்தபின், செபமாலை முடித்து உறங்கச் செல்வதே எங்கள் இல்லத்து வழக்கம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவ்வமைதி குலைந்தது. கல்லூரியிலிருந்து வந்திருந்த எங்கள் மூத்த மகனின் அறையிலிருந்து, கொல்லன் பட்டறையும் இடியும் ஒன்றுசேர்ந்தாற் போன்றதோர் ஓசை எழுந்தது.

"அந்தப் பேய்ப்பாட்டை நிறுத்து" என்றோம்.

"அப்பா, இது ஆண்டவரைப் பற்றிய பாட்டு" என்றான் அவன்.

அன்பார்ந்த வாசகர்களே, ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. ஈராண்டுகளுக்கு முன் அவன் மின்கிதார் வாங்கினான் என்றறிந்து, பல மாதங்கள் அவனோடு முகங்கொடுத்துப் பேசாதிருந்தோம். இப்போதோ நண்பர்களுடன் ஓர் இசைக்குழு அமைத்துப் பெங்களூரு மேடைகளில் வாசிக்க எங்கள் இசைவைக் கேட்டு வந்திருந்தான். இம்முறை வாய்மூடி இருத்தல் தகாது என்றெண்ணி, அவனை எதிரே அமர்த்தி, அவன் போற்றும் குழுவின் வரலாற்றைக் கேட்டோம்.

அக்குழுவின் பெயர் 'ஸ்ட்ரைப்பர்'. 1983ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் அப்பெயர் பூண்டது. மைக்கேல் சுவீட், ராபர்ட் சுவீட் எனும் உடன்பிறந்தார் இருவர் அதன் தூண்கள். நம் பிரிந்த சகோதரர்களைச் சேர்ந்தவர்கள். 'ஹெவி மெட்டல்' எனப்படும் இசையை, கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து முழக்கும் அந்த முரட்டு இசையை, அக்காலத்தில் பலர் சாத்தானின் சொத்தென்றே எண்ணியிருந்தனர். அதையே இவர்கள் ஆண்டவருக்கென எடுத்துக்கொண்டனர்.

பெயரின் பொருளைக் கேட்டபோது எங்கள் வாய் அடைத்தது. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைப்' என்னும் சொல் ஆடையின் வரியையும் குறிக்கும். சாட்டையடித் தழும்பையும் குறிக்கும். மெசியாவின் தழும்புகளால் நாம் நலமடைவதாக எசாயா இறைவாக்கினர் கூறும் 53ஆம் அதிகாரத்து 5ஆம் வசனத்தையே தங்கள் அடையாளமாக்கி, மஞ்சளும் கறுப்பும் வரியிட்ட உடையணிந்து மேடையேறினராம். குளவியைப் போன்ற அவ்வுடையைப் படத்தில் கண்டு நகைத்த எங்களுக்குச் சற்று வெட்கமாயிற்று.

அவர்தம் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுங்கால் மகனின் முகம் மலர்ந்தது. முரசறையும் ராபர்ட், தம் கைவீச்சை மக்கள் காணும்படி முரசுகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்வாராம். இரு கிதார்கள் ஒன்றையொன்று துரத்தும். ஆரவாரத்தின் நடுவே மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டு நூல்களைக் கூட்டத்தினுள் வீசுவர். கோயில் வாயிலை மிதித்திராத இளைஞர் அவற்றைத் தாவிப் பிடிப்பர். இது பன்றிகள் முன் முத்தை எறிவதாகும் என்று கடிந்தோரும் உண்டு. விதைப்பவன் உவமையில் சில விதைகள் வழியோரத்தில் விழவில்லையா என்று எங்களுக்குத் தோன்றியது. ஆயினும் மறைநூலை வீசுவதை முழுமனத்துடன் ஏற்க இன்றும் இயலவில்லை.

1986இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. பிசாசை நரகத்துக்கே போகச் சொல்லும் தலைப்பு அது! பின்னர் 1990இல் மஞ்சளையும் கறுப்பையும் களைந்தனர். மது தங்களிடையே புகுந்ததை மைக்கேலே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். 1992இல் அவர் விலகினார். 2003இல்தான் மீண்டும் ஒன்று கூடினர்.

"உங்களுக்கு நம் திருச்சபையிலேயே ஒருவரைக் காட்டுகிறேன்" என்று மகன் அடுத்துச் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. இத்தாலியில் சேசாரே பொனிட்சி என்னும் கப்புச்சின் துறவி, வெண்தாடியும் பழுப்பு அங்கியுமாய் 2008இல் மெட்டல் இசைவிழா மேடையில் நின்று முழங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல்! மறு ஆண்டே அனைத்தையும் விட்டார். பிசாசு தம்மைப் புகழின் உச்சிக்கு ஏற்றிவிட்டு, குழுவினரிடமிருந்தும் சபைச் சகோதரர்களிடமிருந்தும் பிரிக்கப் பார்க்கிறது என்று தாமே அறிவித்து இறங்கினார்.

பேரோசையைக் கண்டே இதுகாறும் அஞ்சியிருந்தோம். கலகலக்கும் கைத்தாளங்களால் ஆண்டவரைப் புகழச் சொல்கிறது 150ஆம் திருப்பாடல். எங்கள் சிறுவயதில் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறை, இன்று காணிக்கைப் பவனியில் பீடம்வரை வருகிறது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டும், தகுதியான பிற இசைக்கருவிகளை மேலதிகாரிகளின் இசைவுடன் ஏற்கலாம் என்றே சொல்கிறது. திருப்பலிப் பீடம் வேறு, இசைமேடை வேறு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை; மகனுக்கும் இல்லை.

"அந்தத் துறவி இறங்கினாரே, நீ இறங்குவாயா?" என்று அவனுடைய தாய் கேட்டாள்.

அவன் நெடுநேரம் விடை கூறவில்லை. "தெரியவில்லை அம்மா" என்றான் இறுதியில்.

'இறங்குவேன்' என்று உடனே சொல்லியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்போம். இசைவு தந்தோம். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியை விடலாகாது. மேடையில் நடந்தவற்றை வாரந்தோறும் எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

திருக்காட்சி விழா கழிந்த மறுநாள், கிதாரைச் சாக்கில் பொதிந்து, மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் அது இடிபடாதபடி மடியில் ஏந்தி, பேருந்தில் இறங்கிப் போனான். அவன் பதிந்து தந்த பாடல்களில் ஒன்றை அன்றிரவு செபமாலைக்குப் பின் கேட்டோம். ஓசையைப் பாதியாகக் குறைத்துத்தான்!